வசீதி மதிப்பெண் போடாத வகுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, தைலேவுப் பகுதியிலிருந்து பாய்களோடும் கிழங்குக் கூடைகளோடும் வந்திருக்கும் நைவலு குடும்பத்துப் பெரியோர்களே, உள்ளே இடமில்லாமல் சன்னலுக்கு வெளியே நிற்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். ஃபிஜிய மொழியில் சொன்னால், புலா!

மறைந்த பேராசிரியர் வசீதி நைவலு அம்மையார் இல்லாத கூட்டத்தில் பேசுவது எனக்கு இதுவே முதல் தடவை. அவர் இருந்திருந்தால் இதற்குள், "ஜெய்ராம், விஷயத்துக்கு வாங்க!" என்று ஒரு குரல் வந்திருக்கும். ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் சூவா வளாகத்தில் 'இனங்களும் பண்பாடுகளும்' என்ற பாடத்தைத் தொடங்கியவர் யார்? வசீதி! அதை மூட நினைத்தவர்களிடமிருந்து காப்பாற்றியவர் யார்? அதுவும் வசீதியே!

ஃபிஜியர்களுக்கும் இந்திய வம்சத்தாருக்கும் பகை மூண்டு ஊர் கொதித்துக் கிடந்த ஓர் ஆண்டு அது. கடைத்தெருவில் இந்தியர்களின் கடைக் கண்ணாடிகள் உடைந்திருந்தன. வகுப்பில் வலப்பக்கம் ஃபிஜியப் பிள்ளைகள், இடப்பக்கம் இந்திய வம்சத்துப் பிள்ளைகள். எந்தப் பக்கம் உட்காருவது என்று புரியாமல் துவாலு தீவிலிருந்து வந்த பையன் வாசலிலேயே நின்றான். வேறொருவராக இருந்தால் ஒற்றுமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார். வசீதி என்ன சொன்னார் தெரியுமா?

"எதிர்ப்பக்கத்துல ஆளுக்கொருத்தரப் புடிங்க. அவங்க வீட்டுல ஒரு வாரம் தங்கி, அந்தச் சனங்களப் பத்தி எழுதுங்க. மார்க்கு நான் போடமாட்டேன். அந்த வீட்டுக்காரங்க போடுவாங்க!"

அபெனிசா என்ற ஃபிஜிய மாணவனும் ரோஷ்னி என்ற மாணவியும் ஜோடி சேர்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஜோடி! சிகத்தோக்காவில் கரும்பு பயிரிட்ட ரோஷ்னியின் தந்தை தேவ் நாராயண் வீட்டுக்கு அபெனிசா போனான். தங்கினான், சாப்பிட்டான், எழுதினான். 'இந்தியர்கள் உழைப்பாளிகள், சிக்கனக்காரர்கள், குடும்பப் பற்று உள்ளவர்கள்.'

தேவ் நாராயண் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்டா தம்பி, இத எழுத என் வீட்டுக்கு எதுக்கு வந்த? ஒரு வாரமா என் ரொட்டியத் தின்னியே, இதுல நான் எங்கடா இருக்கேன்?" பத்துக்கு இரண்டு!

தைலேவுவில் அபெனிசா வீட்டுக்குப் போன ரோஷ்னியின் கதை என்ன? 'ஃபிஜியர்கள் எப்போதும் சிரித்த முகத்தினர்' என்று எழுதியிருந்தாள். அபெனிசாவின் தாயார் மேரெ அம்மையார் தாளைத் தட்டினார்.

"எப்பவும் சிரிக்கிறோமா? எங்களுக்குக் கோவமே வராதா? கண்ணாடி ஒடஞ்ச மறுநாள், சோப்பு வாங்கப் போன என் பையனப் பாத்து 'நீயும் அந்தக் கூட்டந்தானே'ன்னு கடைக்காரர் கேட்டாரு. வயிறு எரிஞ்சு போச்சு. அத ஏன் எழுதல?"

"நீங்க சொல்லவே இல்லையே, அத்தை."

"நீ கேக்கவே இல்லையேடி!"

அன்றுதான் ரோஷ்னி கேட்கத் தொடங்கினாள். அபெனிசாவும் திரும்பிப் போய்க் கரும்பு வெட்டினான், தேவ் நாராயணோடு வாய்ச்சண்டை போட்டான். பிறகு எழுதினான்: குத்தகை முடியப் போகும் நிலத்தில் இந்த மனிதர் ஏன் மாங்கன்று நடுகிறார்? பதில் தனக்குத் தெரியவில்லை, கேட்டபோது அவர் வேறு பக்கம் பார்த்தார் என்றும் எழுதினான். பத்துக்கு ஒன்பது கிடைத்தது! அந்த ஒன்று எங்கே போனது? "நான் குட்டைன்னு எழுதினான், சரி. தொப்பையப் பத்தி எதுக்கு எழுதணும்?" என்றாராம் தேவ் நாராயண்.

குத்தகை முடிந்தது, நண்பர்களே. அந்தக் குடும்பம் சூவாவுக்கு வந்துவிட்டது. ஆனால் மாமரம் காய்க்கிறது. நிலத்துக்காரர்களான ஃபிஜியக் குடும்பத்தார் ஆண்டுதோறும் ஒரு சாக்குப் பழம் கொடுத்தனுப்புகிறார்கள். போய் வாங்கி வருகிறவன் அபெனிசா!

இவ்வளவும் நடந்தபின் என்ன வந்தது? பாராட்டா? விசாரணை வந்தது! "கரும்புத் தோட்டத்துல மார்க்கு போட்டா பல்கலைக்கழகம் எதுக்கும்மா?" என்று கேட்டார் பாடக்குழுத் தலைவர். பாடத்தை மூடுவதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வசீதி கோபப்படவில்லை. குழுவில் இருந்த எங்கள் ஒவ்வொருவர் முன்னும் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"பக்கத்துல இருக்கறவரப் பத்தி எழுதுங்க. அவரே படிச்சு மார்க்கு போடட்டும். அப்புறம் மூடிக்கலாம்."

தலைவர், தம் அருகிலிருந்த பதிவாளர் இயோத்தெபாவைப் பற்றி எழுதினார்: 'அமைதியான சமோவாக்காரர்.' இயோத்தெபா வாங்கிப் படித்தார்.

"சார், நான் கிரிபாத்தித் தீவுக்காரன்."

தாளை மேசையில் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அமைதியானவன்னு எழுதினதும் தப்பு சார். நீங்க பேச விட்டாத்தானே!"

முதலில் சிரித்தவர் யார்? அந்தத் தலைவரே! நாற்காலி ஆடும்படி சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இயோத்தெபா வீட்டுக்கு மீன் சாப்பிடப் போனார். பாடம் பிழைத்தது! வசீதியின் பக்கத்தில் இருந்தவன் நான். என்னைப் பற்றி அவர் எழுதியது: 'நல்லவர். ஒரு வார்த்தை போதுமான இடத்தில் ஒன்பது வார்த்தை பேசுவார்.' முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்ய?

நோயில் படுத்தபோதும் அவர் ஓயவில்லை. பார்க்கப் போன என்னிடம், பக்கத்துக் கட்டிலில் இருந்த ரொத்தூமா தீவு அம்மாளைக் காட்டி, "இவங்க ஊர்ல கல்யாணத்துல கோமாளி வேஷம் கட்டுறது பொம்பளைதானாம், ஜெய்ராம்! இத்தன வருஷம் இத நாம பாடத்துல வைக்கலையே!" என்று குறைப்பட்டார். தம் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

துணைவேந்தர் அவர்களே! இந்தப் பருவம் வசீதியின் வகுப்பை நிறுத்தி வைக்கலாமா என்று கனிவோடு கேட்டீர்கள். வேண்டாம்! ஒரு நாள்கூட வேண்டாம்! இன்று இருவரும் ஆசிரியர்களாகிவிட்ட அபெனிசாவும் ரோஷ்னியும் என்னோடு சேர்ந்து அந்த வகுப்பை நடத்துவார்கள். இது அந்தக் குடும்பத்தின் முன் நான் கொடுக்கும் வாக்கு.

மாணவர்கள் ஒரு வாரம் தங்கப் போகும் வீடுகளுக்கு, வெள்ளிக்கிழமை காலை வளாக வாசலிலிருந்து பேருந்து புறப்படுகிறது. இந்த முறை பேராசிரியர்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன். வசீதிக்கு அஞ்சலி செலுத்த விரும்புகிறவர்கள் மலர்வளையம் கொண்டுவர வேண்டாம். ஒரு வாரத்துக்கு மாற்றுத்துணி கொண்டுவாருங்கள்.