படாத அடி

அண்ணி: கையை ஆட்டாம வை. கட்டுத்துணி சுருங்குது.

புகை: விடுங்க அண்ணி, அதுக்குக் கோச் இருக்காரு. நீங்க போய் முன்வரிசையில ஜம்முனு உட்காருங்க.

அண்ணி: கோச் நிருபர்கிட்ட உன் புராணம் பாடிக்கிட்டு இருக்காரு. அறுபது கிலோ எடைப் பிரிவுல அடியே வாங்காம ஆடினவங்க மூணே பேராம். பழைய ஆளுங்க பூட்டு, எண்ணெய்னு பட்டப்பேரு வாங்கின ரெண்டு பேர், அப்புறம் நீ.

புகை: நான்னு சொன்னாரா, புகைன்னு சொன்னாரா?

அண்ணி: புகைன்னுதான். யாராவது புகையைக் குத்த முடியுமான்னு கேட்டாரு.

புகை: பின்ன? இந்த மூக்கைப் பாருங்க. பன்னெண்டு வருஷக் குத்துச்சண்டை... ஆனா கல்யாண மாப்பிள்ளை மூக்கு!

அண்ணி: பார்க்கத்தானே வந்தேன். மூக்கு, காது, தாடை... ஒரு கீறல்கூட இல்ல.

புகை: கண்ணு வெக்காதீங்க. அண்ணன் வரலையா?

அண்ணி: அவரு என்னைக்கு உன் சண்டைக்கு வந்திருக்காரு?

புகை: அதுவும் சரிதான். இன்னைக்கு வர்றவன் லாரி மாதிரி வருவானாம். வரட்டும். தோளை லேசா இப்படித் திருப்பினா... போச்சு!

அண்ணி: எங்க போச்சு?

புகை: எது?

அண்ணி: அந்த அடி.

புகை: என்ன கேள்வி இது... காத்துல போச்சு.

அண்ணி: போன வாரம் பூட்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

புகை: நீங்களா? அந்தக் கிழவர் யாரையும் உள்ளே விடமாட்டாரே!

அண்ணி: அவரோட தங்கச்சிதான் உள்ளே கூப்பிட்டா. அவளுக்கு இடது கண்ணு தெரியாது. மூக்கு சப்பை, காது மடங்கிக் கிடக்கு. தையல் வேலை பார்க்கிறவ... குத்துச்சண்டை மேடையையே கண்ணால பார்த்ததில்லையாம். பக்கத்துல சோபாவுல அவரு பளபளன்னு உட்கார்ந்திருந்தாரு.

புகை: எங்கயாவது... விழுந்திருப்பாங்க.

அண்ணி: நானும் அதைத்தான் கேட்டேன். சிரிச்சா. வாயில பல்லே இல்ல.

வெளியே கோச்: புகை! பத்து நிமிஷம்தான்!

புகை: வந்துட்டேன் கோச்! அண்ணி, சண்டைக்குப் போற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?

அண்ணி: உன்னோட போன சண்டை அன்னைக்கு அண்ணனுக்குத் தாடை உடைஞ்சுதே...

புகை: மாடிப்படியில விழுந்தாருன்னு நீங்கதானே சொன்னீங்க?

அண்ணி: நம்ம வீட்டுல ஏது மாடிப்படி? அது ஊருக்குச் சொன்ன பொய். நீ அந்த வீட்டுல வளர்ந்தவன். நீ ஏன் 'அப்படியா'ன்னு கேட்டுட்டுப் போன?

புகை: ஐயோ, இறுக்காதீங்க... வலிக்குது.

அண்ணி: வலிக்குதா? பரவாயில்லையே.

புகை: அண்ணன் ஏதாவது சொன்னாரா?

அண்ணி: முதல்ல விலா எலும்பு போனப்பவே சொன்னாரு. 'தம்பி காதுல போட்டுடாதே. ஒதுங்கறதுக்கு ஒரு நொடி யோசிச்சான்னா அடி வாங்கிடுவான்'னு.

புகை: பைத்தியக்காரத்தனமா இருக்கு...

அண்ணி: இருக்கட்டும். இன்னைக்கு ஒதுங்காம நில்லு. உன் அடியை நீயே வாங்கு.

புகை: நின்னு பார்த்துட்டேன்.

அண்ணி: என்னது?

புகை: போன சண்டையில, அஞ்சாவது ரவுண்டு. ரெண்டு கையையும் தொங்கப் போட்டுட்டு மரம் மாதிரி நின்னேன். நேரா முகத்துக்கு வந்துச்சு. கிளவுஸோட தோல் வாடைகூட மூக்குல ஏறிச்சு. கண்ணை இறுக்க மூடிட்டேன்... தொறந்து பார்த்தா ஜனம் கைதட்டுது. நான் அசையவே இல்ல, அண்ணி. அடி என்மேல படவே மாட்டேங்குது.

அண்ணி: அப்போ, தாடை உடைஞ்சப்பவே உனக்குத் தெரியும்.

புகை: ...ம்.

அண்ணி: தெரிஞ்சும் இன்னைக்கு வந்து நிக்கிற.

புகை: ஒத்துக்கிட்டாச்சே! இந்த சாம்பியன் பெல்ட்டை மட்டும் ஜெயிச்சுட்டா அண்ணன் லேத் பட்டறைப் பக்கமே போக வேண்டாம். ராஜா மாதிரி வெச்சுக்கறேன். இதான் கடைசி... உங்க மேல சத்தியமா.

அண்ணி: என்மேல எதுவும் வேண்டாம்.

வெளியே கோச்: டேய், கூப்பிடறாங்க! வா!

புகை: அண்ணி... உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணனைப் பொறுத்துக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு நாள்.

அண்ணி: பொறுத்துக்கிட்டாருப்பா. நேத்து நீ பயிற்சி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கிட்டாரு. விடியக்காலையில மூச்சு அடங்கிடுச்சு... போ, கூப்பிடறாங்க. இன்னைக்கு உன்மேலயே படும்.