ஓகே காட்டிய கட்டம்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் இத்ரூஸ் ஹாஜியார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அன்னாரின் மகள் அஸ்ராவே, சனிக்கிழமை தோறும் இதே மண்டபத்தின் மின்விசிறியைத் திட்டிக்கொண்டே எக்ஸெல் படித்த பொறியியலாளர்களே, தொழில்நுட்ப உத்தியோகத்தர்களே, எல்கடுவையிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கும் தோட்டத்து உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் என் சலாமும் வணக்கமும்.

நான் டொறீன். வஹகோட்டைக்காரி. பொறியியலாளர் ஸெய்னுலாப்தீன் அவர்களின் அலுவலகத்தில் படவரைஞராக இருப்பவள். எனக்கு முன் பேசியவர் அவரை "மாத்தளை மண்ணின் மாபெரும் மைந்தர்" என்றார். அதைக் கேட்டிருந்தால் எங்கள் ஸெயின் சேர் என்ன செய்திருப்பார்? என் பக்கம் குனிந்து, "கேட்டீங்களா டொறீன், அறுவது தாண்டின மனுசன மைந்தர் என்டுறாங்க" என்று வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிட்ட மனிதர், வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழும்பவே இல்லை. இன்னும் எனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அவரைப் பாலம் கட்டியவர் என்றார்கள், பள்ளிவாசல் கட்டியவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நான் பேச வந்தது வேறு. தலை நரைத்த பிறகு எக்ஸெல் கற்றுக்கொள்ள உட்கார்ந்த ஒரு பொறியியலாளரைப் பற்றிப் பேச வந்தேன். அவர் அதைக் கற்ற விதத்தால் இன்று உயிரோடு இருக்கும் குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன.

சேர் முதன்முதலில் செய்த எக்ஸெல் வேலையைச் சொல்லட்டுமா? கட்டம் கட்டமாக அளவுகளை அழகாக அடித்தார். பிறகு மேசை லாச்சியிலிருந்து கல்குலேட்டரை எடுத்தார். தட்டிக் கூட்டினார். வந்த விடையை எக்ஸெலில் அடித்தார்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சேர், கூட்டுறது அதோட வேல."

"அது சரியாத்தான் கூட்டுதா என்டு யாரு பாக்கிற?"

"நீங்க கல்குலேட்டர்ல பாக்கிறீங்களே, அத யாரு பாக்கிற?"

"அதுக்குத்தானே பென்சில் இருக்கு" என்றார்.

பெருக்கலைக் கீழே இழுத்துக்கொண்டு போகும்போது ஒரு கட்டத்தை அசையாமல் பிடிக்க டொலர் அடையாளம் போட வேண்டும் என்று சொன்னேன். "மாத்தளையில வேல செய்ற கணக்குக்கு டொலர் எதுக்கு? ரூபாய்க்கு அசையாம நிக்காதாமா?" என்று கேட்டார். ஒரு நாள் தாங்குசுவர் ஒன்றுக்குக் கணக்குப் போட்டார். தாங்குசுவர் என்றால் தெரியுமல்லவா, வெட்டிய மேட்டு மண் சரியாமல் பிடித்துக்கொள்ளும் சுவர். மண்ணின் சாய்வு முப்பது பாகை என்று அடித்தார். சுவரின் அகலம் வீட்டின் அகலத்தை விடப் பெரிதாக வந்து நின்றது! காலை முழுக்கத் தலையைச் சொறிந்தார். கடைசியில் பார்த்தால், எக்ஸெலுக்குப் பாகை தெரியாது. கோணத்தை ரேடியனில் வாங்கித்தான் அதற்குப் பழக்கம். "இது எந்த ஸ்கூல்ல படிச்சது டொறீன்?" என்று கேட்டார். ஆனால் கோபப்படவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்தார். ஒரு கணக்கைச் செய்துவிட்டால், அதற்குள் வேண்டுமென்றே கேனத்தனமான எண்களைப் போடுவார். பூச்சிய உயரம் போடுவார், காகிதம் போல மெல்லிய சுவர் போடுவார். "மொதல்ல உடைச்சுப் பாப்பம். உடைய வேண்டிய இடத்துல உடைஞ்சாத்தான் நம்பலாம்" என்பார். வேலை தேங்குகிறதே என்று நான் எத்தனை தடவை முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன்!

இங்கே வந்திருக்கும் பொறியியலாளர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நம் பகுதியில் தாங்குசுவருக்கென்று ஒரு எக்ஸெல் ஃபைல் பென் டிரைவில் கைமாறி வந்தது. யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வாங்குகிறவர் மேலே இருக்கும் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடிப்பார், அடுத்தவருக்குக் கொடுப்பார். அதுதானே நம் வழக்கம்? ஏன் குனிகிறீர்கள்? நான் யாரையும் கைகாட்டவில்லை! உயரத்தையும் மண்ணையும் அடித்தால், கீழே பச்சை நிறக் கட்டத்தில் 'ஓகே' என்று வரும். வந்தால் கையெழுத்து. எல்கடுவைப் பக்கத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கட்ட வேண்டிய சுவருக்கு சேரும் அவசரத்தில் அந்த ஃபைலைத்தான் பாவித்தார். ஓகே என்றது. கையெழுத்து வைத்தார். வேலை தொடங்கிவிட்டது.

பிறகு ஒரு நாள், தான் சொந்தமாகச் செய்த கணக்கை அந்த ஃபைலோடு ஒப்பிட உட்கார்ந்தார். வழக்கம்போல உடைத்துப் பார்த்தார். தென்னை மர உயரத்துக்குச் சுவர் போட்டார், தடிப்பு ஒரு சாண். ஓகே! இன்னும் உயர்த்தினார். ஓகே!

"டொறீன், இங்க வாங்களேன். இதுக்குப் பைத்தியம்" என்று சிரித்தார். நான் போய் அந்தப் பச்சைக் கட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே கணக்கே இல்லை! யாரோ ஒரு புண்ணியவான், எந்தக் காலத்திலோ, கணக்கை அழித்துவிட்டு 'ஓகே' என்று கையால் அடித்து வைத்திருக்கிறான். என்ன போட்டாலும் அது ஓகேதான். சேரின் சிரிப்பு நின்றது. பென்சிலை எடுத்தார். ஈர மண்ணுக்கு எல்கடுவைச் சுவர் நிற்காது என்று வந்தது. இன்னொரு தடவை போட்டார். நிற்காது. "வேன எடுக்கச் சொல்லுங்க" என்றார். நானும் கூடவே ஓடினேன்.

அந்தச் சுவரைக் கட்டும் வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் முஸம்மில் நானா அதோ இருக்கிறார். அன்று அத்திவாரம் முடித்து, சுவருக்குக் கொங்க்ரீட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். சேர் மேட்டில் நின்று கையைக் காட்டினார்.

"நிப்பாட்டுங்க!"

"சேர், ஆளெல்லாம் வந்தாச்சு, சீமெந்தும் குழைச்சாச்சு. இப்ப நிப்பாட்டச் சொன்னா எப்பிடி?"

"பிளான் பிழ. நான் வெச்ச சைன் பிழ. இந்த வோல் நிக்காது."

சுற்றி நின்றவர்கள் முன்னால் சொன்னார். தோட்டத்துத் துரையும் நின்றார். எந்தப் பொறியியலாளர் அப்படிச் சொல்வார்? மழையில் வேலை தாமதம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். கம்பியூட்டர் பிழை என்று கையைக் கழுவியிருக்கலாம். லயத்தில் குடியிருக்கும் முத்துவீரன் அண்ணன் நேராகவே கேட்டார்: "மெசின்ல பாத்தாச்சு, பயப்பட வேணாம்னு நீங்கதானேங்க சொன்னீங்க?"

"மெசின் பாக்கல்ல தம்பி. எவனோ எழுதி வெச்சத நான் வாசிச்சேன். என்னை மன்னிச்சுக்கங்க. மேல வெட்டின மண் பிடிப்பில்லாம நிக்கிது. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு இன்டைக்கே எறங்கிடுங்க" என்றார்.

குடும்பங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு மாறின. தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். சேரைத் திட்டினார்கள், ஏன் திட்டமாட்டார்கள்? அவர் தினமும் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு, அத்திவாரத்தை அகலமாக்கிச் சுவரை நிறுத்தினார். மழை வந்தது. சுவர் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை! பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. முத்துவீரன் அண்ணன் இன்று பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அது போதாதா எங்கள் சேருக்கு?

அவருக்குப் போதவில்லை. அந்த ஃபைலைத் தான் கொடுத்தவர்களுக்கும், தனக்குக் கொடுத்தவர்களுக்கும் ஒவ்வொருவராக டெலிபோன் எடுத்தார். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் "எங்கட வோல் எல்லாம் நல்லாத்தான் நிக்கிது" என்று கட் பண்ணினார்கள். அதன் பிறகுதான் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினார். அடுத்தவன் செய்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்க்கப் பழக்கினார். மீதி நாட்களில், அந்த ஃபைலை நம்பிக் கட்டிய பழைய சுவர்களைத் தேடிப் போய், அடியில் தோண்டி அளந்து, மறுபடி கணக்குப் பார்த்தார். ரத்தோட்டையில் பார்த்தார், ரிவர்ஸ்டன் போகும் வழியில் பார்த்தார். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. பலது தப்பியது, சிலதுக்கு முட்டுக் கொடுக்க வேண்டி வந்தது.

அன்பானவர்களே! இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் சபதம் எடுப்பார்கள். அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். நாம் அப்படிப் போக முடியாது. சனிக்கிழமை வகுப்பை நான் நடத்துவேன், வராதவர் வீட்டுக்கு வந்து கூப்பிடுவேன். அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. அதை இன்றே சொல்ல வேண்டும்.

இன்னும் பார்க்காத சுவர் ஒன்று மிச்சம். அது சேரின் சொந்த வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. எல்கடுவை வேலைக்கு முந்திய வருஷம் அதே ஃபைலில் கணக்குப் பார்த்துக் கட்டியது. நான் கேட்கும்போதெல்லாம், "மத்தவங்கட முடியட்டும் டொறீன், எங்கட வோல் எங்க ஓடப்போகுது?" என்பார். மற்றவர்களுடையது முடிந்தது. சேரும் போய்விட்டார். இன்று அந்தச் சுவருக்கு ஒட்டிய பின்னறையில்தான் அவருடைய மனைவி றாபியா மாமி இத்தா இருக்கிறார். கணவரை இழந்தவர்களுக்கான அந்த முறைப்படி, நாலு மாதமும் பத்து நாளும் அவர் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். மழையோ தொடங்கிவிட்டது. ஆபத்து என்றால் இத்தாவிலும் இடம் மாறலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று மௌலவி அவர்கள் சற்று முன் என்னிடம் சொன்னார்.

முஸம்மில் நானா, காலையில் இரண்டு பேரையும் மண்வெட்டியையும் அனுப்புங்கள். வகுப்புக்காரர்களே, நீங்கள் எக்ஸெலில் போடுங்கள், நான் பென்சிலில் போடுகிறேன். இரண்டும் ஒத்து வரும்வரை ஒருவரும் அந்த வீட்டு வளவை விட்டுப் போகக் கூடாது. இதுதான் நம்முடைய சபதம்.

அஸ்ரா, உங்க வாப்பா மாதிரி எனக்கு நயமாச் சொல்லத் தெரியாது மகள். நாங்க வந்து பாத்துச் சொல்ற வரைக்கும், உம்மாவ முன்னறையில படுக்கச் சொல்லுங்க.