பன்னிரண்டு உறை, ஒரு சாவி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் மேடம். உங்கள் அலுவலகக் கழிப்பறையில் இடது பக்கக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் தேய்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. கைக்குட்டையைக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். இப்போதைக்கு நிற்கும். ஒரு பொருள் வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வெளியே என்னைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறார்களாம், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் விசாரிப்பது மருந்துக்கடை அக்காவின் மாத்திரை மணியைப் பற்றி. ஒரு வேளை மாத்திரைக்கு ஏன் இரண்டு தடவை மணி அடித்தது, தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் வேலையைப் புரியவைத்துவிட்டுத்தான் அங்கே வர முடியும்.

எங்கள் கம்பெனி இருப்பது ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில். முதலாளி என் மனைவியின் அண்ணன். நாங்கள் செல்போன் செயலி செய்து கொடுக்கிறோம். வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர். செய்து முடித்ததைக் கடைசியாகக் கையெழுத்துப் போட்டு, எல்லோரும் இறக்கிக்கொள்கிற ஸ்டோரில் ஏற்றுவது என் பொறுப்பு. அந்தக் கையெழுத்துக்கு ஒரு சாவி உண்டு. சாவி என்றால் ஒரு சின்னக் கோப்பு, ஒரு கடவுச்சொல், அவ்வளவுதான். முதல் தடவை எந்தச் சாவியால் கையெழுத்துப் போட்டோமோ, ஆயுசு முழுக்க அதே சாவியால்தான் போட வேண்டும். கை மாறினால் போன் புதுப் பதிப்பை உள்ளே விடாது. ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிச் சாவி, அது அவருடைய சொத்து, கேட்டால் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவனே நான்தான்.

முதலில் வந்த வாடிக்கையாளர் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், யாரையும் அவசரப்படுத்த மாட்டார். அவருக்கு முறையாக ஒரு சாவி செய்தேன். பெயர் என்ன, நிறுவனம் என்ன, ஊர் என்ன என்று அது வரிசையாகக் கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். இருபத்தைந்து வருஷம் செல்லும் என்று போட்டது. என் கல்யாணத்துக்குக்கூட யாரும் அவ்வளவு உத்தரவாதம் கொடுக்கவில்லை.

இரண்டாவதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. மதியம் ஒன்றரை மணி, எனக்கு நல்ல பசி. மறுபடியும் பெயர் என்ன, நிறுவனம் என்ன என்று ஆரம்பித்தது. கையில்தான் ஒரு சாவி இருக்கிறதே என்று அதையே போட்டேன். ஏறிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது ஆளுக்கும் அதுவே. மருந்துக்கடை அக்கா ஏழாவது.

இது தப்பா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் அப்பா சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கியவர். அங்கே முப்பது பேருக்கு வருகைப் பதிவேடு. முப்பது கட்டத்திலும் மேஸ்திரியே தன் கட்டைவிரலை உருட்டிவிடுவார். வேர்த்த கையோடு முப்பது பேர் வரிசையில் நின்றால் வேலை கெடும் என்பது அவர் நியாயம். மூட்டை ஏறியது, லாரி போனது. எந்த மூட்டையும் இது யார் விரல் என்று கேட்கவில்லை.

ஒரு தடவை மச்சான் வாடிக்கையாளர்களைக் கூட்டி வந்து சாவிகளை எங்கே வைத்திருக்கிறோம் என்று காட்டச் சொன்னார். இரும்பு அலமாரியில் பன்னிரண்டு உறை, உறைக்கு ஒரு பென்டிரைவ், மேலே அவரவர் பெயர், அரக்கு முத்திரை. பன்னிரண்டிலும் அதே கோப்பைத்தான் போட்டிருந்தேன். பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா தன் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேங்க் லாக்கர்கூட இவ்ளோ சுத்தமா இருக்காது" என்றார். மச்சான் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அரக்கு நானே உருக்கியது.

சாவியின் ஒரு பிரதியைத் தாங்களே பத்திரமாக வைத்துக்கொள்வதாக ஸ்டோர்காரர்களும் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. வாடிக்கையாளர் சொத்தை ஊர் பேர் தெரியாதவனிடம் ஒப்படைக்கலாமா.

இனி மாத்திரை மணி. அக்காவின் கடையில் மருந்து வாங்குகிறவர்கள் பாதிக்கு மேல் வயசானவர்கள். நேரமானால் போனில் மணி அடிக்கும், அவர்கள் மாத்திரை போட்டுவிட்டு 'போட்டாச்சு' என்று ஒரு பொத்தானைத் தொட வேண்டும். நாலாயிரம் பேர் வைத்திருந்தார்கள். விளம்பர வாசகம்கூட நான் எழுதியதுதான்: 'யோசிக்காதீங்க, மணி அடிச்சா போடுங்க.' அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்க் கடை வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

காது மந்தமானவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அரை மணி நேரம் கழித்து இரண்டாவது மணி ஒன்று வைத்தேன். பொத்தானைத் தொடாதவர்களுக்கு மட்டும் அடிக்க வேண்டும். அந்த 'மட்டும்' விட்டுப்போயிற்று. ஒரு வரி. எல்லோருக்கும் இரண்டு தடவை அடித்தது. மணி போனுக்குள்ளேயே இருப்பதால் வெளியிலிருந்து அணைக்க வழியில்லை. திருத்திய பதிப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் நிற்கும். திருத்தி வைத்திருந்தேன். அனுப்புவதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

அக்கா மாடியேறி வந்தார்.

"தம்பி, ரெண்டு தடவை அடிக்குது. கடையில நிக்க முடியல, ஆளாளுக்கு வந்து கேக்குறாங்க. ஒருத்தர் ரெண்டு தடவையும் முழுங்கிட்டு என் கடை வாசல்லயே உக்காந்துட்டாரு."

"அடுத்த வாரம் முடிச்சுடலாம்க்கா."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. உன்னோட அடுத்த வாரம் எந்த மாசத்துலப்பா வருது?"

மச்சான் நாற்காலியை எடுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

"நீங்க கிழிச்சது போதும். என் சாவியை என் கையில குடுங்க. என் மருமகனும் இந்த வேலைதான் பாக்குறான். இன்னிக்கே சரி பண்ணிடுறேன்னு சொல்லிட்டான்."

"அக்கா, சாவின்னா வீட்டுச் சாவி மாதிரி நெனச்சுக்காதீங்க. அது ஒரு..."

"ஃபைலு. தெரியும். மருந்துக்கடை வெச்சிருக்கேன்ப்பா, ஆடு மேய்க்கல. மூணு மணிக்கு மருமகனோட வரேன். அதுவரைக்கும் அதுல கை வெக்காதே. நீ கை வெச்சாத்தான் எல்லாமே ரெண்டா ஆகுது."

படியிறங்கிப் போய்விட்டார். மச்சான், "குடுத்துத் தொலை மாப்ளே, ஒரு தலவலி விட்டுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவருக்கு எதுவும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள் மேடம், மச்சானுக்கு எதுவுமே தெரியாது. வீட்டுக்குப் போனால் நான் என் மனைவி முகத்தில் முழிக்க வேண்டும்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அக்காவிடம் சாவியைக் கொடுத்தால் மற்ற பதினோரு பேரின் சாவியும் சேர்ந்து போகிறது. அவர் மருமகன் நினைத்தால் பிரசவ ஆஸ்பத்திரியின் பெயரில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். அது நம்பிக்கைத் துரோகம். போதாததற்கு, அவன் கோப்பைத் திறந்தவுடன் உரிமையாளர் பெயரைப் படிப்பான். மருந்துக்கடையின் உரிமையாளர்: அமரர் ஊர்தி சேவை. மருந்து விற்கிற பெண்மணி அதைப் பார்த்தால் மனசு என்ன பாடுபடும். அவருக்கு அந்த வருத்தம் வர வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன்.

கீழே போய் ஒரு உப்புப் பாக்கெட் வாங்கி வந்தேன். குளியலறை வாளியில் கரைத்துப் பன்னிரண்டு உறைகளையும் ஊறவைத்தேன். எடுத்துத் துடைத்து, சந்தேகத்துக்குச் சுத்தியலால் இரண்டிரண்டு தட்டு. கணினியில் இருந்த பிரதியையும் அழித்தேன். ஏசித் தண்ணீர் போன வாரமே அலமாரிக்குள் இறங்கிவிட்டது, இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்வதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு அப்படியே சொன்னேன். மருமகன் ஏசியை அண்ணாந்து பார்த்தான். அலமாரியைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் இருபது அடி.

பிரதியை அழிப்பதற்கு முன்னால் அந்தத் திருத்திய பதிப்பை அனுப்பியிருக்கலாமே, பத்து நிமிஷ வேலைதானே என்று நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் யோசியுங்கள். போன வாரமே கெட்டுப்போன சாவியால் அன்று மதியம் எப்படிக் கையெழுத்துப் போட முடியும். பேச்சு ஒன்றுக்கொன்று இடிக்கும். பொய் சொல்கிறவன் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

அதன் பிறகு அந்த மணியை யாராலும் நிறுத்த முடியாமல் போனது உண்மைதான். நாலாயிரம் பேரும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். அவர்களுக்கு அதைப் போட்டுக் கொடுத்ததே பேரப் பிள்ளைகள். அக்கா தன் ஆட்களோடு வீடு வீடாகப் போனார். பாதிப் பேர் கதவைத் திறக்கவே இல்லை. மற்றவர்கள், மணி அடித்தால் யோசிக்காதே என்று நீதானே எழுதி வைத்தாய் என்று அவரிடமே திருப்பிக் கேட்டார்களாம். சர்க்கரை மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுப் பதினேழு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதினான்கு பேர் வீடு திரும்பிவிட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். மூன்று பேருக்கு இன்னும் நினைவு வரவில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. சாவி ஒன்றுதான், அதை அழித்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்படி ஆகும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தியமாகத் தெரியாது. பெரியவர்கள், வாழ்ந்தவர்கள், ஒரு தடவை முழுங்கியது நினைவிருக்காதா என்றுதான் நினைத்தேன். அன்று மதியம் உப்பு வாங்கப் போனவன் வீட்டுக்கு ஒரு நடை போனதாகச் சாட்சி இருக்கிறது என்கிறீர்கள். போனேன். என் அம்மா போனிலிருந்த அந்த மாத்திரை மணியை அழித்துவிட்டு வந்தேன். அது ரொம்ப இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது மேடம், அவ்வளவுதான்.