ஆறாம் கட்டிலின் மட்டம்

டீ வேண்டாம், ஐயா. நாலு மணிக்கு மேல் குடித்தால் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். மற்றபடி நன்றாகத்தான் தூங்குகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ் வேலை. மோசமான நிலையில் வருகிறவர்களுக்கு மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, கம்பத்தில் மாட்டிய சின்ன சென்சாரோடு இணைப்போம். ஒவ்வொரு துடிப்பும் திரையில் ஓர் அலையாக எழும்பும். பக்கத்தில் ரத்த அழுத்தம் எண்ணாக வரும். ஒரே ஒரு விதிதான். சென்சார் நோயாளியின் இதயத்துக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும். கட்டிலை நிமிர்த்தினால் அதையும் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும். ஆள் சரிந்துகொண்டிருப்பார், திரை மட்டும் சௌக்கியம் என்று சொல்லும்.

என் தம்பி அப்படித்தான் ஆறாம் கட்டிலில் போனான். ரத்தத்தில் கிருமி. இருபத்தாறு வயது. பெரிய டாக்டர் காலையில் வந்து திரையைப் பார்த்தார். "நம்பர் நல்லாத்தான் இருக்கு, கவலைப்படாதீங்கம்மா" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. விசாரணையில், கவனக்குறைவு தன்னுடையது என்று அவரே எழுதிக் கொடுத்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். சறுக்கிய யானை மறுநாளே ரவுண்ட்ஸ் வந்தது. நசுங்கியவன் என் தம்பி. இரண்டு வருடம் அந்த மனிதருக்குத் தினமும் குட்மார்னிங் சொன்னேன், வயிறு எரிய எரிய.

போன செவ்வாய்க்கிழமை அவரே நோயாளியாக வந்தார். குடலில் அறுவை சிகிச்சை, அதற்குப் பின் விடாத காய்ச்சல். ஆறாம் கட்டில்தான் காலியாக இருந்தது. நானே கேட்டு அந்தக் கட்டிலின் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். முகம் துடைத்துவிட்டேன், தலை வாரிவிட்டேன்.

"மூச்சு விட சிரமமா இருக்கு, கொஞ்சம் நிமிர்த்தி விடுங்க" என்றார். நிமிர்த்தினேன். சென்சாரை ஏற்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் அவர் உதடு வெளுத்தது. "சிஸ்டர், கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

"நம்பர் நல்லாத்தான் இருக்கு, டாக்டர். கவலைப்படாதீங்க."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார். கெட்டிக்காரர், உடனே புரிந்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கும் இது இதே இடத்துலதான் இருந்துச்சும்மா" என்றார் மெதுவாக. "நான் யார்கிட்டயும் சொல்லல. உங்களால தாங்க முடியாதுன்னு விட்டுட்டேன்."

அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை, ஐயா. அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தேன், திரையின் அலாரத்தையும் அணைத்தேன், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போர்வையைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அலை குட்டையாகி, கடைசியில் கோடானது. அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன்.

அன்று காலை என் டூட்டி. "அக்கா, கொஞ்சம் நிமிர்த்தி விடேன்" என்றான் தம்பி. நிமிர்த்தியது நான். சென்சாரை ஏற்ற மறந்ததும் நான். இருக்கட்டும், ஐயா. அவர் டாக்டர். பார்த்திருக்க வேண்டியது அவர்தானே.