இலேசான விசை

துப்பாக்கியின் விசையை இலேசாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொறுமை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், கையில் நடுக்கம் இருக்கக் கூடாது. சீமையிலிருந்து புது விசை வரவழைத்தால் ஒரு ஜோடி உழவு மாடு வாங்குகிற செலவு ஆகும். அதே வேலையை தீட்டுவதற்கு ஓர் எண்ணெய்க்கல்லையும் பழைய ஸ்பிரிங் ஒன்றையும் வைத்துக்கொண்டு என் கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையிலேயே முடித்துவிடுவேன். என்னுடைய ரைஃபிளுக்கு அப்படித்தான் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு ஐம்பது மீட்டரில் நான் பார்த்த இடத்தில்தான் குண்டு விழுந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று மாந்தோப்பில் ஊரே சுற்றி நிற்க நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "அரைகுறையா நோண்டி வச்சிருக்கார். பாவம், வேணும்னேவா செஞ்சிருப்பார்?" என்றீர்கள். கூட்டமும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியது. இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. துப்பாக்கியை இடுப்பில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கெல்லாம் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அரைகுறை என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கடலூர்ப் பக்கத்துக்காரர். வில்லியனூருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குப் புரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். சைகோனில் சண்டை போட்டார்கள், அல்ஜீரியாவில் சண்டை போட்டார்கள். தோற்றுத்தான் வந்தார்கள். ஆனாலும் பிரெஞ்சுக்காரனுடைய தேசிய நாளான ஜூலை பதினாலு வந்தால் மெடலைக் குத்திக்கொண்டு, பிராந்தி வாசனையோடு, ஒதியம்பட்டு மாந்தோப்பில் கூடி அட்டையில் வட்டம் போட்டுக் குறி பார்த்துச் சுடுவார்கள். ஜெயித்தவனுக்கு ஒரு கோப்பை. தோப்பு எங்களுடையது. என் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் கொம்யூனுக்கு மேராக, அதாவது ஊர்த் தலைவராக இருந்தவர், அவர்தான் அந்த இடத்தைக் கொடுத்தார். அந்த மரியாதைக்காக, பட்டாளத்துக்கே போகாத என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்களிடம் ஒரு சடங்கு உண்டு. தோட்டா கிடைப்பது கஷ்டம் என்பதால் ஒவ்வொருவன் முறை வரும்போதும் அவர்களில் மூத்தவரான தனிஸ்லாஸ் சொல்தாதான் எல்லோரும் பார்க்கத் துப்பாக்கியில் தோட்டா போட்டுக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, சண்டையில் செத்துப்போன ஒருவன் பெயரை உரக்கக் கூப்பிடுவார். சுடப் போகிறவன் துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஓங்கி இடித்து, செத்தவனுக்குப் பதிலாக "பிரெசான்" என்று கத்த வேண்டும். ஆஜர் என்று அர்த்தம். பட்டாளத்தில் இதைக் காலித் துப்பாக்கியோடு செய்தார்கள். இங்கே தோட்டாவோடு செய்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவனுக்காவது அது உறைத்ததா என்றால் இல்லை. அவர்களுடைய பழைய துப்பாக்கிகளின் விசை கிணற்று ராட்டினம் மாதிரி கனம். எவ்வளவு இடித்தாலும் அசையாது. அந்தக் கனம்தான் அவர்களை உயிரோடு வைத்திருந்தது, அவர்களுடைய புத்தி அல்ல. நான் சொல்தா இல்லை என்பதால் எனக்கு இடிக்கிற வேலை கிடையாது. நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இக்னேஷியஸ் அவர்களில் ஒருவன். மாதா கோவில் தெரு. என்னைவிடப் பத்து வயது மூத்தவன். எல்லோரையும் தோளில் கைபோட்டுத்தான் பேசுவான். மேர் வீட்டு மணவாளன் என்று ஊரே மரியாதையாகச் சொல்கிற என்னையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவான். வருஷா வருஷம் கோப்பையை அவன்தான் தூக்கிக்கொண்டு போவான். சுடுவதில் அவனுக்கு முறை என்று ஒன்று கிடையாது. மூச்சை அடக்கத் தெரியாது, காற்றைக் கணிக்கத் தெரியாது. ஏதோ சைக்கிள் மிதிக்கிற மாதிரி வந்து நிற்பான், சுடுவான், நடு வட்டத்தில் விழும். ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். நான் புத்தகம் வரவழைத்துப் படித்து, என் விசையை நானே சீராக்கி, தினமும் காலையில் பழகிக்கொண்டிருந்தவன். எனக்கு எப்போதும் இரண்டாவது இடம்.

போன வருஷம், எழுபத்துநாலில், நான் ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்று கேளுங்கள். கடைசிக் குண்டு அவனுடையது. நடு வட்டத்தில்கூட வேண்டாம், அதற்கு அடுத்த வட்டத்தில் விழுந்தாலே கோப்பை அவனுக்கு. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக் கூடியவன். அது அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து கட்டிப்பிடித்தான்.

"தம்பி, சோக்கா சுட்டடா. இந்த வாட்டி நீதான்."

அப்போது என் அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வாரமே சாராயக்கடையில் ஒருவன் என் காதுபடவே சொன்னான்.

"சொல்தா வுட்டுக் குடுத்துட்டாருபா. சாவு வுழுந்த வூடு, போனா போவுதுன்னு."

இக்னேஷியஸ் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. ஒரு மனுஷன் என்னை ஜெயித்தால் நான் பொறுத்துக்கொள்வேன், இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டுதானே இருந்தேன். என்மேல் இரக்கப்பட்டு ஒரு பொருளைக் கையில் திணித்துவிட்டு, அதை ஊருக்குத் தெரியவும் விட்டால், அவன் மனுஷனே இல்லை. அப்புறம் தெருவில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. கோப்பையைப் பார்க்கப் பிடிக்காமல் கொட்டகையில் கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஆனி மாதம், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, அவனாகவே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான்.

"இன்னா தம்பி, உன் துப்பாக்கி மாரி என்துக்கும் ட்ரிக்கரை எளக்கிக் குடேன். டவுன்ல கேட்டா புதுசு மாத்தணும், சீமைலேர்ந்து வரணும்ன்றான். அவ்ளோ காசுக்கு நான் எங்க போவேன்?"

"உங்களுக்கு எதுக்கு சொல்தா? இதுலயே அடிக்கறீங்களே," என்றேன்.

"வயசாவுதுபா. வெரல் முன்ன மாரி இல்ல. இழுக்கறதுக்குள்ள கொழலு ஆடிப்போவுது."

விரல் சரியில்லையாம். இன்னொரு நாடகம் என்று புரிந்துகொண்டேன். இந்த வருஷமும் தோற்றுக் கொடுப்பதற்கு இப்போதே காரணம் தயார் செய்கிறான். என்னைச் சமாதானப்படுத்த ஊனமுற்றவன் மாதிரி நடிக்கிறான். கொடுத்துவிட்டுப் போங்கள், காசெல்லாம் வேண்டாம் என்றேன். அவனுக்கு ரொம்பச் சந்தோஷம். மறுநாளே அவன் மனைவி அன்னாமேரியிடம் ஒரு தூக்கு நிறைய மீன் குழம்பு கொடுத்தனுப்பினான்.

இனிமேல் நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் அரைகுறை என்று சொன்னது இதைத்தான். விசையை அளவுக்கு மேல் இலேசாக்கினால் துப்பாக்கி ஓர் அதிர்விலேயே வெடித்துவிடும். குறி பார்த்துச் சுடுகிற எவனுக்கும் இது தெரியும். என் துப்பாக்கியில் நான் ஒருபோதும் அந்த அளவுக்குப் போனதில்லை. இக்னேஷியஸின் துப்பாக்கியில் போனேன். ஆனால் கண்டபடி போகவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தால் ஒன்றும் ஆகக் கூடாது. மெதுவாகத் தரையில் வைத்தால் ஒன்றும் ஆகக் கூடாது. சடங்குக்கு இடிக்கிற மாதிரி ஓங்கி இடித்தால் மட்டும் வெடிக்க வேண்டும். சிமெண்ட் தரையில் சோதித்துப் பிரயோஜனம் இல்லை, தோப்பில் இருப்பது மண் தரை. அதனால் விடியற்காலையில் தோப்புக்கே எடுத்துப் போய், தோட்டா இல்லாமல், அவன் வழக்கமாக நிற்கிற அதே இடத்தில் இடித்துப் பார்த்தேன். சரியாக வருகிறவரை திரும்பத் திரும்பக் கொட்டகைக்குப் போய் வந்தேன். இதற்கு நீங்கள் வைத்த பெயர் அரைகுறை.

அவன் துப்பாக்கிதான் அப்படி ஆக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மற்ற சொல்தாக்கள் விறைப்பாக நிமிர்ந்து நின்று இடிப்பார்கள். அவர்கள் கையில் வெடித்திருந்தால் மாங்கிளைதான் முறிந்திருக்கும். இக்னேஷியஸ் மட்டும், கூப்பிடப்பட்ட பெயர் எதுவாக இருந்தாலும், கோவிலில் நிற்கிற மாதிரி குழலின்மேல் தலையைத் தாழ்த்திக்கொண்டுதான் இடிப்பான். ஜனங்கள் கட்டியிருக்கும் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி நிற்பார்கள், குழல் மேலே பார்த்திருக்கும். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது என்பதையும் யோசித்துத்தான் செய்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த அன்று காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்து விசையை இழுத்துப் பார்த்தான். குழந்தை மாதிரி சிரித்தான்.

"வெண்ணெ மாரி போவுதுடா தம்பி. உன் கைக்கு ஒரு காப்புப் போடணும்."

ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் பட்டாளத்துக்காரன், உடனே புரிந்துகொண்டிருப்பான். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இருபது வருஷம் துப்பாக்கியோடு குடும்பம் நடத்தியவனுக்கு நான் பாடம் எடுப்பது மரியாதையாக இருக்காது.

ஜூலை பதினாலு அன்று நடந்ததை ஊரே உங்களிடம் சொல்லிவிட்டது. தனிஸ்லாஸ் தோட்டா போட்டார். "சவரிராயன்!" என்று கூப்பிட்டார். சைகோனில் செத்தவனாம். இக்னேஷியஸ் தலையைத் தாழ்த்தினான், இடித்தான். பிரெசான் என்ற சொல்லில் பாதிதான் வந்தது. எல்லோரும் அவனை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடினேன், ஓடாமல் நின்றால் நன்றாக இருக்காது. தனிஸ்லாஸ் மண்ணில் உட்கார்ந்து, தோட்டா போட்ட தன் கையைத் தானே அடித்துக்கொண்டு அழுதார். இன்றுவரை தன் தப்பு என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். திருத்த நான் போகவில்லை. தோட்டாவோடு இடிக்கலாமா என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டியவர்தானே.

ஆக, அது விபத்து இல்லை, அரைகுறை வேலையும் இல்லை. இக்னேஷியஸை நான் கொன்றேன். தெரிந்து, அளந்து, சோதித்துப் பார்த்துக் கொன்றேன். உங்கள் ரைட்டர் எழுதுகிற வேகத்துக்குச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு முறையும் சொல்கிறேன்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்து அன்னாமேரி என் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் சொன்னதை நம்பிக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். வெள்ளைப் புடவையோடு கூடத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நீ மனச வுட்டுடாத தம்பி. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. அவருக்கு வெரலு மடங்கி ரெண்டு வருசம் ஆச்சி. சோத்தக்கூட நான்தான் பெசஞ்சி குடுப்பேன். சொல்தாக்கு வெரல் போச்சின்னு வெளிய தெரிஞ்சா அசிங்கம், யாருகிட்டயும் வாயத் தொறக்காதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. போன வருசம் தோத்துட்டு வந்து கொழந்த மாரி அழுதாரு. 'மணவாளன் நெஜமாவே நல்லா சுட்டான், என்னால முடியல அன்னா'ன்னாரு. அதனாலதான் உங்கிட்ட வந்தாரு. இன்னும் ஒரே ஒரு வாட்டி உன்கூட சரியா நின்னு சுடணும்னு ஆசப்பட்டாரு."

நான் அவளைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். நேராகக் கொட்டகைக்குப் போனேன். கோப்பையை எடுத்து, புளி போட்டுத் துலக்கி, கூடத்தில் அப்பா படத்துக்குக் கீழே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். என்னைக் கொண்டுபோன பிறகு வீட்டைச் சோதனை போட வருவீர்கள். உங்கள் ஆட்கள் அதைக் கண்ட இடத்தில் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. நான் சுட்டு ஜெயித்தது.