தோள் ஏறாத நாற்பது நிமிடம்

டிரம்ஸ் வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தாங்கள் உட்காரும் முக்காலியின் உயரத்தைச் சரியாக வைத்துக்கொள்வதில்லை. இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு வளையும். முதுகு வளைந்தால் தோள் காதைப் பார்த்து ஏறும். தோள் ஏறிவிட்டால் அப்புறம் மணிக்கட்டு நம் பேச்சைக் கேட்காது. நடந்ததை எழுதித் தரச் சொல்லி நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலியும் தாழ்வுதான். குறையாகச் சொல்லவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். அண்ணன் கீபோர்டு, அவர்தான் குழுவுக்குத் தலைவரும். நான் டிரம்ஸ். பத்தொன்பது வருடமாக வாசிக்கிறேன், அதில் பதினெட்டு வருடம் இறுக்கமாகவே வாசித்தேன். குச்சியைக் கொலைகாரன் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறேன் என்று அண்ணன் சொல்வார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். குழுவில் எனக்கு 'விறகு' என்று பெயர் வைத்ததும் அவர்தான். "விறகு வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒத்திகையைத் தொடங்குவார்.

மேடையில் அவருடைய இடம் எனக்கு இடது பக்கம், கைக்கெட்டும் தூரம். நான் இறுகுவது தெரிந்ததும் பாட்டின் நடுவிலேயே கையை நீட்டி, இரண்டு விரலால் என் தோளில் தட்டுவார். "தோள கீழ போடுடா." ஒரு கம்பெனி விழாவில் இதை மைக் அருகில் சொல்லிவிட்டார். முந்நூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எடுத்த புகைப்படம் அண்ணி வீட்டில் மாட்டியிருக்கிறது, போனால் பாருங்கள். பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பேன். தோள் மட்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கும்.

போன வருடம் மணிக்கட்டு வலி பொறுக்க முடியாமல் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். அந்த அம்மாவை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர் சொன்னது எல்லாம் சரி. "நீங்க குச்சியைப் பிடிக்கிறீங்க. பிடிக்க வேணாம், விழுந்துடாம பாத்துக்கிட்டா போதும். அடிச்சா அதுவே திரும்பி வரும்" என்றார். தாடையைத் தளரவிட்டு, வாய் வழியாக மூச்சை மெதுவாக விடச் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "எது உங்களை இறுக்குதோ, அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டே வாசிச்சுப் பழகுங்க. முதல்ல சின்ன விஷயம். தோள் ஏறுச்சுன்னா நிறுத்துங்க, மூச்சை விடுங்க, மறுபடி தொடங்குங்க."

நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். வீட்டில் ஒரு ரப்பர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பழகினேன். முதலில் குழாய். சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி திறந்து வைத்தேன். தாளத்தோடு சேராத சொட்டு ஆளைக் கொன்றுவிடும். இரண்டு நாளில் பழகிவிட்டது. அடுத்து பால். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. மனைவி ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மூன்றாவது, போன். யார் அழைத்தாலும் எடுப்பதில்லை, இருபது நிமிடம் முடியும்வரை. ஒரு நாள் ஒன்பது முறை மணி அடித்தது. மகளின் பள்ளியிலிருந்து என்று திரையில் தெரிந்தது. படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாவது முறை மணி அடித்தபோதும் என் தோள் முதல் முறை இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியாமல் போனதுதான் வருத்தம். மகளின் எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. மனைவிதான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

மீதி இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

எங்கள் ஒத்திகை இடத்தை நீங்கள் பார்த்தீர்கள். முன்னொரு காலத்தில் பால் பொருட்களுக்கான குளிர்கிடங்கு. சுவர் கனம் என்பதால் வெளியே சத்தம் போகாது, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரமாட்டார்கள். கூடத்தின் ஓரத்தில், என் டிரம்ஸுக்கு மூன்றடி பின்னால், இரும்புக் கதவு போட்ட சிறிய அறை. பெட்டிகளும் பழைய பஞ்சுத் தட்டிகளும் கிடக்கும், தூசி கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கதவைத் தானாக மூடிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். உள்பக்கத்துக் கைப்பிடி உடைந்து இரண்டு வருடமாகிறது. கிடார்காரர் ஒருமுறை அரை மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார். நாங்கள் வாசித்துக்கொண்டிருந்ததால் அவர் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. அன்றே அண்ணன் ஒரு மரக்கட்டையை ஆப்பு மாதிரி செதுக்கி, சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்தார். உள்ளே போகிறவர் முதலில் கதவடியில் கட்டையை வைக்க வேண்டும். மறந்தவரை ஒரு வாரம் வாயில் போட்டு மெல்லுவார்.

அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. அன்றும் மறக்கவில்லை. அதை அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். அவர் கவனக்குறைவால் போனார் என்று பேச்சு வரக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. நான் தனியாகப் பழகிக்கொண்டிருந்தேன். பழகும்போதெல்லாம் பதிவு செய்வேன், பிறகு கேட்டு வேகம் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதற்கு. அன்றும் பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வந்தார். புழுக்கமாக இருந்ததால் மேல் சட்டையைக் கழற்றி என் சிம்பல் தட்டு நிற்கிற தாங்கியில் மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"பரவாயில்லையே விறகு, தோள் இறங்கியிருக்கே" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் பாராட்டு. அடுத்த மூச்சிலேயே கப்பல் விஷயத்தைச் சொன்னார். குழுவுக்கு ஒரு பயணிகள் கப்பலில் ஆறு மாதம் வாசிக்க வாய்ப்பு வந்திருந்தது, அது எனக்கும் தெரியும். எனக்குப் பதிலாக வேறொருவரைப் பேசி முடித்துவிட்டார் என்பதுதான் தெரியாது.

"ஆறு மாசம்தான்டா. அவங்க கேக்குற தரம் வேற. திரும்பி வந்ததும் நீதான். உன் ஸ்னேரை மட்டும் எடுத்துட்டுப் போறேன், அவன்கிட்ட நல்லது இல்ல. பெட்டி உள்ளதானே இருக்கு?"

ஸ்னேர் என்பது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து வாசிக்கிற டிரம். பேசும்போது நான் அதன்மேல்தான் கை வைத்திருந்தேன். "உள்ளதான் இருக்கு" என்றேன்.

அண்ணன் கட்டையை வைத்துவிட்டு உள்ளே போனார். பெட்டி அடியில் இருந்தது, மற்றவற்றை நகர்த்துகிற சத்தம் கேட்டது. நான் முக்காலியில் இருந்தபடியே பின்னால் திரும்பி, வலது காலை நீட்டிக் கட்டையைத் தட்டிவிட்டேன். பெடல் மிதிக்கிற கால். நீங்கள் மூன்று நாளாகக் கேட்டது இதுதான், எழுதிவிட்டேன். கட்டை காலில் இடறாமல் இருக்கட்டும் என்று குச்சிப் பையில் போட்டேன், அங்கேதான் நீங்கள் எடுத்தீர்கள். டிக் டிக் என்று வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு எழுபத்திரண்டு அடியில் வைத்தேன். அது நிதானமான வேகம். நிதானமான வேகத்தில்தான் இறுக்கம் நன்றாகத் தெரியும்.

கப்பலுக்காகச் செய்தேன் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கோபக்காரன் இறுகியிருப்பான். என் தோள் அன்று ஏறவே இல்லை.

முதலில் கையால் தட்டினார். "டேய், கதவு மூடிக்கிச்சு பாரு" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டார், சிரிப்புகூட இருந்தது அந்தக் குரலில். பிறகு வேகவேகமாகத் தட்டினார், தாளத்தில் சேராத தட்டல். குழாய்ச் சொட்டை நினைத்துக்கொண்டேன். மூச்சை விட்டேன். அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. உறிஞ்சுகிற மருந்து எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். சின்ன வயதில் அதைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடுவது என் வேலை. விளையாட்டு மைதானமாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும் அம்மா என்னைத்தான் முதலில் கேட்பாள், "அண்ணன் மருந்து இருக்காடா?" என்று. அன்றும் இருந்தது. சட்டை சிம்பல் தாங்கியில் என் கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் சிம்பலை அடிக்கும்போதெல்லாம் ஆடியது. அதே பையில் அவருடைய போனும் இருந்தது. இரண்டு முறை அடித்தது. அண்ணியாக இருக்கும்.

பத்தாவது நிமிடத்துக்கு மேல் அண்ணன் ஒரு காரியம் செய்தார். அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பதற்கு அதுவே சாட்சி. என் அடிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் கணக்குப் பார்த்து, சரியாக அந்த இடைவெளியில் தட்டத் தொடங்கினார். ஒன்று, தட்டல், இரண்டு, தட்டல். அப்போதுதான் என் காதில் விழும் என்று கண்டுபிடித்திருக்கிறார். மூச்சு இழுக்கிற நிலையில் யாருக்கு அந்த நிதானம் வரும்? நாங்கள் சேர்ந்து வாசித்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன். இரண்டு நிமிடம் அப்படியே போனது. பிறகு நான் இடது கையால் அந்த இடைவெளிகளிலும் மெல்லிய அடிகளைப் போட்டு நிரப்பினேன்.

இருபத்தைந்தாவது நிமிடம் தட்டல் நின்றது. நான் நாற்பது நிமிடம் என்று முடிவு செய்திருந்ததால் நாற்பது வரை வாசித்தேன். குச்சிகளைத் துடைத்து வைத்தேன். தண்ணீர் குடித்தேன். கதவைத் திறந்தேன். அண்ணன் ஸ்னேர் பெட்டியின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தோள்கள் இரண்டும் நன்றாகக் கீழே இறங்கியிருந்தன. மருந்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். பிறகு உங்களுக்குப் போன் செய்தேன்.

நேற்று அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நான் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. கதவு மூடிய பிறகு முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை எழுபத்திரண்டு, ஒரு இம்மி பிசகவில்லை. கப்பல்காரர்களுக்கு அனுப்பக்கூடத் தகும். ஆனால் நீங்கள் டிரம்ஸைக் கேட்கவில்லை. எட்டாவது நிமிடத்திலிருந்து நடுநடுவே ஒரு குரல் வருகிறதே, அது யார் என்று கேட்டீர்கள். "தோள கீழ போடுடா. தோள கீழ போடுடா." நான்கு அடிக்கு ஒரு முறை, கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொல்கிற குரல்.

அண்ணன் என்றேன். வேறு யார் அதைச் சொல்லப்போகிறார்கள்?

இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து இவ்வளவு பக்கத்தில் கேட்குமா என்றீர்கள். தட்டல் நின்ற பிறகும் பதினைந்து நிமிடம், கடைசி அடி வரைக்கும், அந்தக் குரல் இருக்கிறதே என்றீர்கள். எங்கள் இருவர் குரலும் ஒரே மாதிரி இருக்கும் என்பது உண்மைதான், போனில் அண்ணியே பல தடவை ஏமாந்திருக்கிறார். இருந்தாலும் இதை நான் உறுதியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அது அண்ணன்தான். நான் தாடையைத் தளரவிட்டு மூச்சை மட்டும்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.