கோசு வாசம்

— துணிப்பையக் கீழ வைங்க மொதல்ல. பாப்பா தோள்லயே தூங்கிட்டா, வாங்கிக்கங்க.

— குடு. மதுரையில டாக்டரம்மா என்ன சொன்னாக, அதச் சொல்லு தேவசேனா. வெள்ளனே இருந்து பீன்சுக்குக் கம்பு ஊன மனசில்லாம நிக்கிறேன்.

— மூத்திரத்துல நஞ்சு துளிகூட இல்லையாம். ஈரலும் தேறிருச்சாம். நம்ம பூங்கொடியத் தூக்கிட்டுப் போயி நர்சுகளுக்கெல்லாம் காட்டுனாக.

— இன்னொருக்கச் சொல்லு.

— நம்ம பாப்பா பொழச்சுக்கிட்டா. ஆபரேசன் பண்ணி ஈரல் மாத்த வேண்டாம்னுட்டாக.

— முருகா. அப்ப ஈரல்ல சொரக்கலைன்னாகளே, அந்த என்சைமு வந்துருச்சா?

— அது வராதுங்க, பொறந்ததுல இருந்தே இல்ல. நம்ம வாய்க்கா மாதிரி வச்சுக்கங்க. திங்கிற புரதம் உடைஞ்சு உடைஞ்சு வர்ற வழியில அதான் கடைசி மடை. அது தெறக்காமத்தான் நஞ்சு தேங்கி ஈரலக் கெடுத்துச்சு. டாக்டரம்மா குடுக்குற மாத்திரை மேல் மடையவே அடைச்சிருது.

— காலம் பூராவுமா?

— காலம் பூரா. மேல தேங்குறதும் பெருகக் கூடாதுல்ல, அதனால பருப்பு, முட்டை, கறி ஆகாது. பாலும் கொஞ்சந்தான். இருந்துட்டுப் போகுது, பாப்பா இருக்காள்ல.

— அது போதும். நான் பண்ணுன கூத்தத்தான் வில்பட்டி ஊரே விடமாட்டேங்குது. பாப்பா மேல கோசு வாசம் அடிக்குது, கோசுக்கு அடிச்ச மருந்துதான் ஏறிருச்சுன்னு, வெளஞ்சு நின்னத அம்புட்டையும் புடுங்கி எறிஞ்சேன். நேத்துகூட டீக்கடையில பழனிச்சாமி கேக்குறான், பீன்ச எப்பப்பா புடுங்கப் போறேன்னு.

— அந்தக் கதையவும் டாக்டரம்மாகிட்டச் சொன்னேன்.

— அங்கயும் போயி என் மானத்த வாங்குனியா? சிரிச்சாகளா?

— சிரிக்கல. வேகவச்ச கோசு வாசம் இந்த நோய்க்கே உள்ளதாம். வீட்டுக்குள்ள கோசு மூட்டை கெடக்குற ஊருல அத எப்படிக் கண்டுபிடிச்சீகன்னு கேட்டாக.

— நீ என்ன சொன்ன?

— வீட்டுல ஒரு எல கோசு இல்லாமப் போன பெறகும் பாப்பா மேல வாசம் போகல, அதான் பயந்து தூக்கிட்டு ஓடியாந்தேன்னேன். நீங்க அன்னைக்குப் புடுங்கி எறியலைன்னா, இந்தத் தோள்ல இப்ப பாப்பா இல்லைங்க.